உப்பு வண்டி போன வழி: சென்னையின் அரை வளையமும் மரக்காணமும்

ரிங் ரோடுன்னா வட்டமா இருக்கணும் இல்லையா? லண்டனைச் சுற்றி எம்-25 இருக்கிறது. 1986-ல் முழு வளையமானது, 188 கிலோமீட்டர். வாஷிங்டனுக்கு ஒன்று இருக்கிறது, 1964-ல் முடிந்தது. நம்ம பக்கத்து வீட்டு ஹைதராபாத்துக்கு 158 கிலோமீட்டர் வளையம். ஒரு இடத்தில் ஏறி நேரா போய்க்கிட்டே இருந்தா ஏறின இடத்துக்கே வந்துடலாம்.

சென்னையில் அந்தக் கதை நடக்காது. இங்கே எந்த ரிங் ரோட்டிலும் போய்க்கொண்டே இருந்தால் வந்து நிற்கப் போவது கடற்கரைப் பக்கம்தான். கிழக்கே முழுக்கக் கடல். அதனால் நம்ம ஊர் வளையம் எல்லாமே பாதி வளையம், வானவில் மாதிரி. பாஸ்டன் நகரத்தின் 128-ஆம் நம்பர் ரோடும் இப்படித்தான், கடலோர ஊர்களுக்கு விதிச்சது இது.

இதில் என்ன பெரிய சரித்திரம் இருக்குன்னு கேட்கலாம். இருக்கு மக்களே. இந்த அரை வளையத்தின் இரண்டு முனைகளும் எங்கே போய் முடிகின்றன என்று பாருங்கள். வடக்கு முனை எண்ணூர், காட்டுப்பள்ளி. தெற்கு முனை மாமல்லபுரம். அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை பிடித்து ஓர் அறுபது கிலோமீட்டர் போனால் மரக்காணம். வடக்கே எண்ணூர்க் கழிமுகத்து உப்பளம், தெற்கே மரக்காணத்து உப்பளம். சென்னைக்காரன் நாக்கில் பட்ட உப்பு இந்த இரண்டு பக்கத்திலிருந்தும்தான் காலம் காலமாக வந்தது. வளையத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கடைசியில் உப்பில்தான் போய் முடிகிறது.

எனக்குச் சொந்த ஊர் திண்டிவனம் பக்கம். பிழைப்பு சென்னையில். ஆகவே இந்த ரோடெல்லாம் எனக்கு வெறும் மேப் இல்லை, வாரக் கடைசி. கொஞ்சம் ஊர்ப்பாசம் எட்டிப் பார்த்தால் பொறுத்துக்கொள்ளவும் :-)

*

வளையத்துக்கு மேல் வளையம்

முதலில் சென்னையின் வளையங்களை ஒரு வரிசையில் பார்த்துடலாம்.

உள்வட்டச் சாலை. ஜவஹர்லால் நேரு சாலை என்று போர்டில் இருக்கும், வாயில் நூறடி ரோடு. கத்திப்பாரா, அசோக் நகர், வடபழனி, கோயம்பேடு, பாடி. ஒரு காலத்தில் இதுதான் ஊருக்கு வெளியே. இன்றைக்கு வடபழனி சிக்னலில் நிற்கிறவனிடம் போய் 'இது ஊரைச் சுத்திப் போறதுக்குப் போட்ட ரோடு' என்று சொன்னால் அடிக்க வருவான்.

அடுத்து சென்னை பைபாஸ். பெருங்களத்தூரில் தொடங்கி மதுரவாயல் வழியாகப் புழல் வரை, 32 கிலோமீட்டர். 2010 வாக்கில் முழுமையானது.

அடுத்து வெளிவட்டச் சாலை. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர். வண்டலூர் - நெமிலிச்சேரி பகுதி 2014-லும், நெமிலிச்சேரி - மீஞ்சூர் பகுதி 2021-லும் திறக்கப்பட்டன.

இதுவும் போதவில்லை என்று வந்ததுதான் சென்னை எல்லைச் சாலை. எண்ணூர்த் துறைமுகத்தில் ஆரம்பித்து தச்சூர், திருவள்ளூர், ஸ்ரீபெரும்புதூர், சிங்கப்பெருமாள் கோயில் என்று வளைந்து மாமல்லபுரம் பக்கத்துப் பூஞ்சேரியில் கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தொடும் திட்டம். ஐந்து பகுதி, கிட்டத்தட்ட 133 கிலோமீட்டர். எண்ணூர்ப் பகுதிக்கு ஜப்பானின் ஜைகா நிறுவனம் கடன் கொடுத்தது.

பெயரைக் கவனித்தீர்களா? 'எல்லைச் சாலை'. ஊர் தன் எல்லையை இங்கே வரைந்துகொள்கிறது. வெறும் பெயரோடு நிற்கவில்லை. 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக அரசு விரித்தது. ஏறக்குறைய ஐந்து மடங்கு! இந்தக் கணக்கில் மரக்காணம் இல்லை, அது விழுப்புரம் மாவட்டம். ஆனால் வளையத்தின் வால் நேராக அதன் வாசலைப் பார்த்துத்தான் நீண்டிருக்கிறது.

ஒவ்வொரு வளையமும் போடும்போது காரணம் ஒன்றேதான்: ஊருக்குள் வரத் தேவையில்லாத வண்டி ஊருக்குள் வரக் கூடாது. சில வருஷம் கழித்து ஊர் அந்த வளையத்தைத் தாண்டிப் போய்விடும். உடனே இன்னொரு வளையம். இது கல்யாண வீட்டில் பந்தி போடுகிற மாதிரி, ஆள் வர வர இலையைத் தள்ளிப் போட்டுக்கிட்டே போகணும்.

*

சங்க காலத்து ரூட் மேப்

இப்போ அப்படியே ரெண்டாயிரம் வருஷம் பின்னாடி போவோம். மரக்காணத்திலிருந்து கிளம்பும் சாலைகளில் நமக்குத் தெரிந்த பழைய சாலை எது?

சிறுபாணாற்றுப்படை. பத்துப்பாட்டில் ஒன்று, 269 அடி. பாடினவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இந்த இடைக்கழிநாடு இன்றும் அதே பெயரில் மாமல்லபுரத்துக்கும் மரக்காணத்துக்கும் நடுவே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே இருக்கிறது. வண்டியில் போகும்போது பெயர்ப் பலகையைப் பார்க்கலாம். ஈசிஆர்காரர் எழுதின முதல் பயணக் கட்டுரை என்று நான் இதைச் சொல்லிக்கொள்வது வழக்கம்.

ஆற்றுப்படை என்றாலே வழிகாட்டுதல்தான். பரிசில் வாங்கித் திரும்பும் பாணன், எதிரே வரும் பாணனுக்கு 'ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் இப்படிப் போ' என்று வழி சொல்கிறான். முதலில் எயிற்பட்டினம், அடுத்து வேலூர் (நம்ம கோட்டை வேலூர் இல்லை), அடுத்து ஆமூர், அப்புறம் கிடங்கில். எயிற்பட்டினம் என்பது மரக்காணம் என்றும், கிடங்கில் என்பது திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கல் என்றும் ஆய்வாளர்கள் அடையாளம் காட்டுகிறார்கள். கிரேக்க மாலுமியின் 'பெரிப்ளஸ்' சொல்லும் சோபட்மா துறைமுகமும் இந்த மரக்காணம்தான் என்று பலர் கருதுகிறார்கள்.

வழியில் எங்கெங்கே என்ன சாப்பாடு கிடைக்கும் என்பது வரைக்கும் அந்தப் பாணன் சொல்லிவிடுகிறான். எயிற்பட்டினத்தில் கள்ளும் சுட்ட மீனும், வேலூரில் புளி போட்ட சூடான சோறும் இறைச்சியும், ஆமூரில் வெள்ளைச் சோறும் நண்டும். இன்றைக்கு ஈசிஆரில் இதைவிடத் தெளிவாக யாரும் ஹோட்டல் சிபாரிசு செய்துவிட முடியாது.

எனக்கு முக்கியமாகப் படுவது சாப்பாடு இல்லை, திசை. அந்தச் சாலை மரக்காணத்திலிருந்து மேற்கே, நாட்டுக்கு உள்ளே போகிறது. கடலை ஒட்டி வடக்கே போகவில்லை. ஏன் என்று யோசித்தால் பதில் உப்பில் இருக்கிறது. உப்பு விளைவது கரையில், உப்பு வேண்டியது உள்நாட்டில். உமணர்கள் என்று ஒரு கூட்டம், உப்பு வணிகர்கள். வண்டி வண்டியாக உப்பேற்றிக்கொண்டு குடும்பத்தோடு போவார்கள். அந்த வண்டி வரிசைக்கு 'ஒழுகை' என்று பெயர். சிறுபாணாற்றுப்படையிலேயே உமணர் கூட்டத்தோடு வந்த குரங்கு அவர்கள் பிள்ளைகளோடு விளையாடும் காட்சி உண்டு. புறநானூற்றில் ஔவையார், பள்ளம் மேட்டில் அச்சு முறிந்தால் என்ன செய்வது என்று உமணர்கள் வண்டிக்கு அடியில் கூடுதலாக ஓர் அச்சைக் கட்டிக்கொண்டு போவதைச் சொல்கிறார். ஆமாம் சாமி, ஸ்டெப்னியேதான்! அந்த அளவுக்கு நீண்ட தூரம், அந்த அளவுக்கு மோசமான ரோடு.

அந்த ரோட்டை எந்த ராஜாவும் உட்கார்ந்து வரைந்திருக்க மாட்டார். உப்பு எங்கே தேவையோ அங்கே வண்டி போனது, வண்டி போன தடம் ரோடாச்சு. உப்புதான் ரோட்டைப் போட்டது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

*

வளையத்துக்கு முன்னே வந்த நாண்

எட்டாம் வகுப்புக் கணக்கை நினைத்துப் பாருங்கள். வட்டத்தின் மேல் இரண்டு புள்ளி வைத்து நேர்கோட்டால் இணைத்தால் அதற்குப் பெயர் நாண். வில் வளைந்திருக்கும், நாண் நேராக இருக்கும்.

சென்னையின் அரை வளையம் வில் என்றால், அதற்கு நாண் ஒன்று இருநூறு வருஷத்துக்கு முன்பே வெட்டத் தொடங்கிவிட்டார்கள். எண்ணூரையும் தொட்டு, மாமல்லபுரத்தின் முதுகையும் உரசிக்கொண்டு போகும் பக்கிங்ஹாம் கால்வாய்தான் அது. வளையத்தின் இரண்டு முனைகளும் இதன் கரையில்தான் வந்து நிற்கின்றன. தற்செயல் என்று தள்ளிவிட முடியவில்லை. கடற்கரையை ஒட்டி சரக்கு போகும் வழி அன்றைக்கும் அதுதான், இன்றைக்கும் அதுதான்.

தேதிகளைப் பாருங்கள். 1805-ல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. உப்பு விளைவிக்கிறவன் கம்பெனிக்குத்தான் கொடுக்கணும், வாங்குகிறவன் கம்பெனி வைத்த விலைக்குத்தான் வாங்கணும். அடுத்த வருஷம், 1806-ல், சென்னையிலிருந்து எண்ணூர் வரை முதல் கால்வாய் தயார். வெட்டியவர் பேசில் காக்ரேன். கடற்படைக்கு உணவுப்பொருள் சப்ளை செய்து காசு பார்த்த கான்ட்ராக்டர். அவர் பெயராலேயே அதைக் காக்ரேன் கால்வாய் என்றார்கள். படகு போனால் சுங்கம். தனியார் வெட்டி, தனியார் வசூலித்து, கடைசியில் 1837-ல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. இன்றைக்கு டோல்கேட்டில் நின்றுகொண்டு 'இதெல்லாம் இந்தக் காலத்துக் கொள்ளை' என்று புலம்புகிறோம். விஷயம் ரொம்பப் பழசு.

அப்புறம் வடக்கே ஆந்திரா நோக்கியும் தெற்கேயும் கால்வாய் நீண்டது. ஆனால் நடுவில் ஒரு துண்டு குறைந்தது. அடையாற்றுக்கும் கூவத்துக்கும் இடையே எட்டு கிலோமீட்டர். தெற்கிலிருந்து வரும் படகு அடையாற்றோடு நிற்கும். அந்தத் துண்டை வெட்டியது 1877-78-ல். அதாவது தாது வருஷப் பஞ்சம். கஞ்சிக்கு வழியில்லாமல் ஊரைவிட்டு வந்தவர்களுக்குப் பஞ்ச நிவாரண வேலை என்று மண்வெட்டியைக் கொடுத்து வெட்ட வைத்தார்கள். வேலை முடிந்ததும் 1878-ல் அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரை வைத்தார்கள். வெட்டியவர்கள் பெயர் ஒன்றுகூட நமக்குத் தெரியாது. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி பக்கம் பறக்கும் ரயிலில் போகும்போது கீழே தெரிகிற கறுப்புத் தண்ணீர் பசித்த மனிதர்கள் வெட்டியது. அடுத்த முறை மூக்கைப் பொத்தும்போது இதையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.

19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் தெற்குக் கால்வாய் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீண்டு மரக்காணத்தில் கழுவேலியோடு சேர்ந்தது. அதுதான் தெற்குக் கோடி. மரக்காணத்து உப்பு, சவுக்கு விறகு, இன்னும் என்னென்னவோ படகேறி சென்னைக்குப் போயின. காற்றிருந்தால் பாய், இல்லாவிட்டால் கழி, அதுவும் இல்லாவிட்டால் கரையில் நடந்தபடி கயிறு கட்டி இழுப்பது.

சென்னை சென்ட்ரல் பக்கத்தில் 'சால்ட் கொட்டர்ஸ்' என்று ரயில்வே கூட்ஸ் யார்டு ஒன்று இருந்தது தெரியுமா? அது இங்கிலீஷ் மாதிரி ஒலிக்கும் தமிழ். உப்புக் கொட்டாரம். கொட்டாரம் என்றால் களஞ்சியம், கிடங்கு. கால்வாய் வழியாக வந்த உப்பைக் குவித்து வைத்த இடம். வெள்ளைக்காரன் வாயில் புகுந்து சால்ட் கொட்டர்ஸ் ஆகி, நம்ம வாயில் திரும்பி வந்தது.

ஆக, மரக்காணத்து உப்பு முதலில் மேற்கே மாட்டு வண்டியில் போனது. அப்புறம் வடக்கே படகில் போனது. திசையை மாற்றியது சென்னை என்ற புதுப் பட்டணத்தின் தேவையும் கம்பெனியின் வரியும். ஆனாலும் ஒன்று மாறவில்லை. கால்வாய் மரக்காணத்துக்கு வந்ததில் உப்புக்கும் பங்கு இருந்தது.

*

உப்பைத் தாண்டிப் போகும் ரோடு

1965, 1966 புயல்கள் கால்வாயை நாசமாக்கின. அதற்கு முன்னாடியே ரயிலும் லாரியும் அதன் சரக்கைப் பிடுங்கியிருந்தன. 1990-களில் சென்னைக்குள் கால்வாய்ப் படுகையிலேயே பறக்கும் ரயிலின் தூண்கள் இறங்கின. நாண் அறுந்தது. 2008-ல் காக்கிநாடா - புதுச்சேரி நீர்வழியை 4-ஆம் தேசிய நீர்வழி என்று சட்டம் போட்டு அறிவித்தார்கள். அதில் சென்னை - மரக்காணம் கால்வாயும் உண்டு, கழுவேலியும் உண்டு. அறிவித்ததோடு சரி. சென்னைக்கும் மரக்காணத்துக்கும் இடையே சரக்குப் படகு திரும்பி வரவில்லை.

கால்வாய் போன இடத்துக்குப் பக்கத்திலேயே வந்தது கிழக்குக் கடற்கரைச் சாலை. மாமல்லபுரம் வரை பழைய ரோடு இருந்தது. அதற்குத் தெற்கே கல்பாக்கம், கூவத்தூர், கடப்பாக்கம் என்று துண்டு துண்டாகக் கிடந்த கிராமத்து ரோடுகளைக் கோத்து, 1990-களின் பிற்பகுதியில் புதுச்சேரி வரை ஒரே சாலையாக்கினார்கள். தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனம் எடுத்து நடத்தி, 2002 மார்ச்சில் சுங்கம் வசூலிக்கத் தொடங்கியது. அதுவரை மரக்காணத்துக்காரர் சென்னைக்குப் போகணும்னா மேற்கே திண்டிவனம் வந்து ஜிஎஸ்டி ரோட்டைப் பிடிக்கணும். அதாவது நத்தத்தனார் சொன்ன அதே ரூட்டு! ஈசிஆர் வந்ததும் ஊருக்கு வடக்கு வாசல் திறந்தது. படிக்க, வேலைக்கு, ஆஸ்பத்திரிக்கு என்று போகிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அந்தப் பக்கத்தில் குடும்பம் உள்ளவர்களுக்குத் தெரியும். மறுக்கவே மாட்டேன்.

ஆனால் இந்த ரோடு உப்புக்காக வரவில்லை. சென்னைக்காரர் பாண்டிச்சேரி போக வந்தது. மரக்காணம் அதில் ஓர் இடைப்பட்ட ஊர். ஊரை நெருங்கும்போது இருபுறமும் வெள்ளை வெளேர் என்று பாத்திகள் வரும். கார்காரர் நிறுத்துவார், செல்ஃபி எடுப்பார், போய்விடுவார். உப்பு போட்டோவுக்குப் பின்னணி ஆகிவிட்டது.

இப்போது அந்தச் சாலை தேசிய நெடுஞ்சாலை 332ஏ. மாமல்லபுரம் - முகையூர், முகையூர் - மரக்காணம், மரக்காணம் - புதுச்சேரி என்று மூன்று பகுதியாக நான்கு வழியாக்கும் திட்டம். இதில் 46 கிலோமீட்டர் நீளமுள்ள மரக்காணம் - புதுச்சேரிப் பகுதிக்கு 2025 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை 2,157 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. மாமல்லபுரத்தில் எல்லைச் சாலை வந்து சேர்ந்ததும், ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைக் கன்டெய்னர் சென்னைக்குள் நுழையாமலே மரக்காணத்தைத் தாண்டித் தெற்கே ஓடும். வளையம் வரைபடத்தில் பூஞ்சேரியில் முடியலாம். லாரிக்கு அங்கே முடியாது.

*

வடக்கு முனையில் நடந்தது

வளையத்தின் தெற்கு முனைக்கு என்ன ஆகும் என்று தெரிய ஜோசியம் பார்க்க வேண்டாம், வடக்கு முனையைப் பார்த்தால் போதும்.

எண்ணூர், வல்லூர், அத்திப்பட்டு. காக்ரேன் கால்வாய் போன திசையில் இருந்த உப்பு ஊர்கள். அங்கே 1990-களில் வடசென்னை அனல்மின் நிலையம் வந்தது. 2001-ல் எண்ணூர்த் துறைமுகம் (இப்போது காமராஜர் துறைமுகம்), பிறகு காட்டுப்பள்ளித் துறைமுகம். நிலக்கரி, சாம்பல், கன்டெய்னர் யார்டு. கழிமுகத்தில் சாம்பல் படிந்து கிடப்பதைப் பற்றி மீனவர்கள் வருஷக் கணக்காகப் போராடிக்கொண்டிருக்கிறார்கள். உப்பளம் இருந்த இடமெல்லாம் வேறு வேலைக்குப் போயிற்று.

ஏன் உப்பளம் முதலில் போகிறது? என் சிற்றறிவுக்கு எட்டிய காரணம்: வயல் என்றால் பச்சையாக இருக்கும், எடுக்கப் போனால் பட்டாக்காரர் கேட்பார். உப்பளம் பெரும்பாலும் அரசு நிலம், குத்தகை. மரம் இல்லை, வீடு இல்லை. மழைக்காலத்தில் போய்ப் பார்த்தால் வெறும் தண்ணீர் தேங்கிய பொட்டல். மேப்பில் பார்க்கிறவர் கண்ணுக்கு அது 'சும்மா கிடக்கும் இடம்'.

சும்மாவா கிடக்கிறது? ஒரு பாத்தியில் என்ன நடக்கிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். மழை விட்டதும் தை மாசி வாக்கில் பாத்தியைச் சேறாக்கி, மிதித்து மிதித்துத் தரையை இறுக்குவார்கள். தரை இறுகாவிட்டால் தண்ணீர் உள்ளே போய்விடும், உப்பில் மண் ஏறும். பிறகு உப்புத் தண்ணீரை ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மாற்றி மாற்றிக் காய வைப்பார்கள். கடல் தண்ணீரின் அடர்த்தி போமே அளவில் 3, மூன்றரை டிகிரி. அது 25 டிகிரியை எட்டும்போதுதான் உப்பு உறையத் தொடங்கும். 29, 30 தாண்டினால் கசப்பு உப்புகளும் சேர்ந்துவிடும், தண்ணீரை வெளியேற்றணும். இந்த நடு இடைவெளியைப் பிடிப்பதுதான் தொழில். அனுபவஸ்தர்கள் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். சித்திரை வைகாசி வெயிலில், நாமெல்லாம் ஏசி பஸ்ஸில் திரையை இழுத்துவிட்டுக்கொள்ளும் நேரத்தில், அவர்கள் பலகை போட்டு உப்பு வாரிக்கொண்டிருப்பார்கள். வெள்ளைத் தரையிலிருந்து எதிரொளிக்கும் வெயில் கண்ணைப் பறிக்கும். கால் வெடித்துப் போகும்.

நடுவில் ஒரு கோடை மழை அடித்தால் உறைந்த உப்பு கரைந்து மறுபடி முதலிலிருந்து. ஐப்பசி முதல் தொழிலே கிடையாது. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது மரக்காணத்து அளங்கள் வெள்ளத்தில் மூழ்கின. வேலை இல்லாத மழை மாசங்களுக்கு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தரும் திட்டத்தை அண்மை ஆண்டுகளில் தமிழக அரசு கொண்டு வந்தது. 5,000 ரூபாயில் ஒரு குடும்பம் எத்தனை மாசம் ஓட்டும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

போன கோடையில் பாத்தி ஓரம் வண்டியை நிறுத்தி ஒருத்தரிடம் பேச்சுக் கொடுத்தேன். 'ரோடு பெருசாவுதே, உங்களுக்கு நல்லதுதானேண்ணே?' என்றேன். 'லாரி சீக்கிரம் போவும் தம்பி, அது நல்லதுதான். ஆனா ரோட்டோரத்து நெலத்துக்கு ரேட்டு ஏறிப்புட்டா உப்புக்கு யாரு எடம் வுடுவான்?' என்றார். பத்துப் பக்கம் நான் எழுதுவதை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

*

எல்லை என்றால் எல்லை

ரோடே வேண்டாம் என்று சொல்ல நான் இந்தப் பதிவை எழுதவில்லை. இருவழி ஈசிஆரில் எதிரே வரும் வண்டியின் ஹைபீமில் கண்ணை மூடித் திறந்தவன் யாரும் அப்படிச் சொல்ல மாட்டான். எத்தனை உயிர் போயிருக்கிறது அந்த ரோட்டில். அகலப்படுத்தத்தான் வேண்டும்.

கேட்பது ஒன்றுதான். எல்லைச் சாலை என்று பெயர் வைத்தால் அது எல்லையாக இருக்கட்டும். இதுவரை போட்ட எந்த வளையமும் ஊரை நிறுத்தவில்லை, ஊருக்கு அடுத்த இலை போட இடம் காட்டியது. நூறடி ரோடு அப்படி, பைபாஸ் அப்படி, வெளிவட்டம் அப்படி. இந்த முறை வளையத்துக்கு அப்பால் இருப்பது உப்பளமும் கழுவேலியும். கழுவேலியை 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அரசு அறிவித்தது, வானூர், மரக்காணம் வட்டங்களில் 5,151 ஹெக்டேர். பறவைக்கு ஒரு கோடு போட்டாகிவிட்டது. நல்ல காரியம். உப்பு வாருகிற மனிதருக்கு அப்படி ஒரு கோடு இன்னும் யாரும் போடவில்லை. இது உப்பு நிலம், உப்புக்கு மட்டும்தான் என்று ரோடு முடிவதற்கு முன்னால் எழுதி வைத்துவிட்டால் தேவலாம். முடிந்த பிறகு எழுத இடம் இருக்காது.

ஒரு காலத்தில் உப்பு இருக்கும் இடத்தைத் தேடி ரோடு வந்தது. கால்வாயும் அங்கேதான் வந்தது. அதையெல்லாம் வெட்டியவர்களுக்கும் போட்டவர்களுக்கும் மரக்காணம் எதற்கு இருக்கிறது என்று தெரிந்திருந்தது. நாம் மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் போவதால் நமக்கு மறந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது பக்கிங்ஹாம் கால்வாயில் படகில் வந்திருக்கிறார்களா? உப்புப் படகோ விறகுப் படகோ, பார்த்ததாகவாவது சொல்லியிருக்கிறார்களா? திருவான்மியூர், கோவளம், கல்பாக்கம், கடப்பாக்கம் பக்கத்து நண்பர்கள் கொஞ்சம் கேட்டுப் பார்த்துச் சொல்லுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொண்டால் நல்லது.